பழைய டயரைப் படிக்காமல் புது டயர் வாங்காதீர்கள்

பைக்குக்கு டயர் மாற்றப் போகிறவர்களில் பெரும்பாலோர் கழற்றிய டயரைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. கடைக்காரர் அதை மூலையில் தூக்கிப் போடுவார், புது டயரை ஏற்றுவார், காசை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார். வண்டியின் ஜாதகமே அந்தப் பழைய டயரில்தான் எழுதியிருக்கிறது. எங்கே தேய்ந்தது, எங்கே தேயவில்லை என்று பத்து நிமிடம் பார்த்தால் அடுத்த டயரும் அதே மாதிரி வீணாகாமல் தடுக்கலாம். எந்த டயரை வாங்குவது என்ற கேள்விக்கும் பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும்.

பார்ப்பதென்றால் கண்ணால் மட்டும் பார்த்துப் பயனில்லை. ஆழம் அளக்கிற பிளாஸ்டிக் கேஜ் ஒன்று போதும். வெர்னியர் காலிப்பர் இருந்தால் அதன் பின்முனையில் நீளும் கம்பியே ஆழம் அளக்கும். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். காற்று அடிக்கும் வால்வு இருக்கும் இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு, அங்கிருந்து கால் சுற்றுக்கு ஒன்றாக இன்னும் மூன்று கோடுகள். ஒவ்வொரு கோட்டிலும் இடப்பக்கம், நடு, வலப்பக்கம் என்று மூன்று இடத்தில் ரப்பரில் வெட்டியிருக்கும் பள்ளத்தின் ஆழத்தை அளந்தால் ஒரு டயருக்குப் பன்னிரண்டு எண்கள் கிடைக்கும். அவற்றை ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதிக்கொள்ளுங்கள். இடமும் வலமும் ஒரே மாதிரிப் பள்ளத்தில் அளக்க வேண்டும் என்பது முக்கியம். புது டயரிலேயே நடுப்பள்ளமும் ஓரப்பள்ளமும் ஒரே ஆழத்தில் இருப்பதில்லை.

இந்தக் கட்டத்தை இரண்டு விதமாக வாசிக்கலாம். குறுக்கே வாசித்தால், அதாவது இடம், நடு, வலம் ஒன்றுக்கொன்று வேறுபட்டால், காரணம் ஓட்டும் சாலையிலும் ஏற்றும் பாரத்திலும் வீல் நேராக இருக்கிறதா என்பதிலும் இருக்கும். சுற்றிலும் வாசித்தால், அதாவது ஒரே பள்ளம் வால்வுப் பக்கம் ஒரு ஆழமும் எதிர்ப்பக்கம் வேறு ஆழமும் காட்டினால், கோளாறு பெரும்பாலும் வண்டியின் உறுப்புகளில் இருக்கும்: ரிம், பேரிங், ஷாக், அல்லது டயர் ரிம்மில் உட்கார்ந்த விதம். இந்த இரண்டையும் பிரிக்காமல் எல்லாவற்றுக்கும் 'அலைன்மென்ட் சரியில்லை' என்று சொல்லும் பழக்கம் இருக்கிறது. காருக்குச் சொல்வதை அப்படியே பைக்குக்குச் சொல்வதால் வருகிற கோளாறு அது.

முதலில் குறுக்குத் தேய்மானம். பின் டயரில் இடம் 3.0, நடு 1.2, வலம் 2.9 மி.மீ. என்று வந்தால் நடுப்பகுதி தட்டையாகிவிட்டது என்று பொருள். சென்னையிலிருந்து விழுப்புரம், திருச்சி என்று நேர்கோட்டில் நாள்தோறும் ஓடும் வண்டிகளுக்கு இது வந்தே தீரும். என்ஜின் இழுவையைத் தரைக்குக் கடத்துவது பின் டயர்தான். நேராக ஓடும்போது அந்த வேலை முழுவதும் நடுவில் இருக்கும் இரண்டு மூன்று விரல் அகலப் பட்டையின் மேல் விழுகிறது. வெயிலில், டபுள்ஸில், காற்று குறைவாக ஓடினால் ரப்பர் சூடேறி இன்னும் வேகமாகத் தேயும். 'காற்று அதிகம் வைத்ததால் நடு தேய்ந்தது' என்று சொல்வார்கள். சில பவுண்டு கூடுதலாக இருந்ததால் மட்டும் பைக் டயர் இப்படித் தட்டையாவது அபூர்வம். நேர் ரோட்டுக் கிலோமீட்டர்தான் முதல் காரணம்.

நேராகப் போகும்வரை தட்டையான டயரின் குறை தெரியாது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் போய்ப் பாருங்கள். வண்டி சாய மறுப்பதுபோல் நிற்கும், கொஞ்சம் அழுத்தியதும் தட்டைப் பகுதியின் விளிம்பைத் தாண்டிச் சட்டென்று விழுகிற மாதிரி சாயும். புதுத் தார் போடுவதற்காகச் சுரண்டிவிட்ட சாலையில் வண்டி தானாக இடமும் வலமும் நெளிந்தால், ஹேண்டிலைச் சந்தேகிப்பதற்கு முன் பின் டயரின் நடுவைக் கையால் தடவிப் பாருங்கள். பட்டன், அதாவது பள்ளங்களுக்கு இடையில் துருத்தி நிற்கும் ரப்பர் கட்டை, இன்னும் இருக்கிறதே என்று இந்த நிலையில் ஆறு மாதம் தள்ளுகிறவர்கள் உண்டு. ஆழம் இருந்தாலும் வடிவம் போன டயர் போன டயர்தான்.

ஒரு பக்கம் மட்டும் தேய்வது இன்னும் சுவாரசியமானது. இடதுபுறம் ஓட்டும் நாடுகளில் பெரும்பாலும் வலப்பக்கம்தான் அதிகம் தேயும். சாலை நடுவில் உயர்ந்து இடது ஓரத்துக்குச் சரிவதால் இப்படி என்று பலர் விளக்கம் சொல்வார்கள். திசை சரிதான். ஆனால் கணக்குப் போட்டால் அதன் பங்கு சின்னது. தார்ச் சாலையின் சரிவு 2.5 சதவீதம் என்றாலும் கோணம் ஒன்றரை டிகிரிக்குள்தான் வருகிறது. 100 மி.மீ. அகல டயரில் தரை தொடும் இடம் அதனால் ஒரு மி.மீ. சொச்சம்தான் வலப்பக்கம் நகரும். அதைவிடப் பெரிய காரணம் திருப்பங்கள். இடது திருப்பம் குறுகலானது, மெதுவாகச் சட்டென முடிந்துவிடும். வலது திருப்பம் அகலமானது, வேகமும் கூடுதல், சாய்ந்தபடி ஓடும் தூரமும் கூடுதல். ரவுண்டானாவைச் சுற்றுவதும் வலப்பக்கம் சாய்ந்துதான்.

நம் ஊருக்கே உரிய காரணம் ஒன்றும் இருக்கிறது. புடவை கட்டியவர் பின்னால் இடப்பக்கம் கால் போட்டு ஒருசாய்த்து உட்காரும்போது அவருடைய எடை நடுக்கோட்டுக்கு இடதில் விழுகிறது. நேராகப் போக வேண்டுமானால் ஓட்டுபவர் தன்னை அறியாமலே வண்டியைச் சற்று வலப்பக்கம் சாய்த்துப் பிடிக்கிறார். வண்டியும் ஆட்களும் சேர்ந்து 250 கிலோ, பின்னால் இருப்பவர் 60 கிலோ, அவர் எடை 10 செ.மீ. தள்ளி விழுகிறது, மொத்த எடையின் மையம் தரையிலிருந்து 70 செ.மீ. உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால் சாய்வு சுமார் 2 டிகிரி. சாலைச் சரிவைவிட அதிகம்! ஒரே பக்கம் கேஸ் சிலிண்டரைக் கட்டித் தொங்கவிட்டு ஓடும் வண்டிகளில் இது இரண்டு மடங்காகும். நிறைந்த வீட்டு உபயோகச் சிலிண்டர் ஒன்று கிட்டத்தட்ட 30 கிலோ. இப்படிப்பட்ட தேய்மானத்துக்கு எந்த மெக்கானிக்கும் ஸ்பேனரால் மருந்து செய்ய முடியாது. பாரத்தை இரண்டு பக்கமும் பிரித்துக் கட்டுவதுதான் வழி.

பாரமும் இல்லை, மலைப்பாதையும் இல்லை, ஆனாலும் ஒரு பக்கம் ஒரு மி.மீ.க்கு மேல் கூடுதலாகத் தேய்கிறது என்றால் பின் வீல் நேராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பின் வீலை இரு பக்கமும் பிடித்திருக்கும் ஸ்விங் ஆர்மில் செயின் அட்ஜஸ்டருக்குப் பக்கத்தில் இருக்கும் கோடுகளை முழுதாக நம்பாதீர்கள். இரண்டு பக்கக் கோடும் துல்லியமாக இல்லாத வண்டிகள் நிறைய. ஸ்விங் ஆர்ம் போல்ட்டின் நடுவிலிருந்து வீல் சுழலும் அச்சான ஆக்சிலின் நடுவரை இரண்டு பக்கமும் டேப்பால் அளந்து ஒப்பிடுவது மேல். அதைவிடத் தெளிவாகக் காட்டுவது நூல். கொத்தனார் நூலின் நடுவைப் பின் டயரின் பின்புறத்தில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள் சுற்றி, இரண்டு முனைகளையும் முன் வீலைத் தாண்டி இழுத்துக் கட்டுங்கள். சென்டர் ஸ்டாண்டிலோ சைலன்சரிலோ நூல் உரசக் கூடாது. நூல் பின் டயரின் முன்விளிம்பைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி முனைகளை நகர்த்துங்கள். இப்போது முன் டயர் இரண்டு நூல்களுக்கு நடுவே நிற்கும். பின் டயர் 100, முன் டயர் 80 மி.மீ. அகலம் என்றால் இரண்டு பக்கமும் 10 மி.மீ. இடைவெளி வர வேண்டும். ஒரு பக்கம் 16, மறுபக்கம் 4 என்று வந்தால் பின் வீல் திரும்பி நிற்கிறது. ஸ்விங் ஆர்மின் இரண்டு கைகளுக்கும் நடுவே 20 செ.மீ. இருக்கும் வண்டியில் அட்ஜஸ்டரில் விட்ட 1 மி.மீ. பிழை, 1.3 மீட்டர் தள்ளி முன் வீலருகே 6 மி.மீ. ஆகப் பெரிதாகித் தெரியும். நூலின் பலமே அதுதான்.

இந்தக் கோணல் டயரைத் தின்பதற்கு முன் செயினையும் அது ஓடும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டையும் தின்னும். பின் ஸ்ப்ராக்கெட் பற்களின் ஒரு பக்கச் சுவர் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தால் நூல் கட்டாமலே விடை தெரிந்துவிடும்.

இனி சுற்றுத் தேய்மானம். ஒரே ஒரு இடத்தில் மட்டும் வெட்டியதுபோல் தட்டை இருந்தால் பின் பிரேக்கை அழுத்தி வீலைப் பூட்டித் தேய்த்ததன் அடையாளம். சிங்கிள் சேனல் ஏ.பி.எஸ். முன் வீலைத்தான் பார்த்துக்கொள்ளும், பின் வீல் பூட்டிக்கொள்வதைத் தடுக்காது. ஒருமுறை தட்டையான இடம் ஒவ்வொரு சுற்றிலும் தரையில் அடிபட்டு மேலும் மேலும் தேயும்.

அரைச் சுற்று ஆழம் கூடுதலாகவும் எதிர் அரைச் சுற்று குறைவாகவும் இருந்தால் வீலைக் கையால் சுழற்றி, ஸ்விங் ஆர்மிலோ முன் வீலைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கிலோ ஒரு குச்சியைக் கட்டி அதன் முனையை ரிம் விளிம்புக்கு அருகே நிறுத்திப் பாருங்கள். இடைவெளி 2 மி.மீ.க்கு மேல் ஏறி இறங்கினால் ரிம்மில் கோட்டம். ஸ்போக் வீலில் கம்பிகளை இறுக்கித் தளர்த்திக் கோட்டம் எடுக்கலாம். குழியில் விழுந்து நெளிந்த அலாய் வீலைச் சூடாக்கித் தட்டித் தருபவர்கள் உண்டு. விரிசல் விட்டிருந்தால் அதைத் தொடாமல் மாற்றிவிடுவதே நல்லது. ரிம் நேராக இருந்தும் டயர் குதித்தால் பக்கச்சுவரில் ரிம்மை ஒட்டிச் சுற்றி ஓடும் மெல்லிய கோட்டைக் கவனியுங்கள். அந்தக் கோடு ரிம் விளிம்பிலிருந்து சுற்றிலும் ஒரே தூரத்தில் தெரிய வேண்டும். ஓரிடத்தில் உள்ளே புதைந்திருந்தால் டயர் சரியாக உட்காரவில்லை. காற்றை இறக்கி, சோப்புத் தண்ணீர் தடவி, மறுபடி ஏற்றினால் சரியாகிவிடும். இந்தக் கோட்டைப் பார்க்காமலே வண்டியைக் கொடுத்துவிடும் கடைகள் நிறைய.

முன் டயரில் வருவது வேறு வகை: கிண்ணம் கிண்ணமாகக் குழி, அல்லது ரம்பப் பல். உள்ளங்கையால் ஒரு திசையில் தடவினால் வழவழப்பாகவும் எதிர்த்திசையில் தடவினால் பல் குத்துவதுபோலவும் இருந்தால் அது ரம்பப் பல். முன் பிரேக்கின் வேலையால் கட்டை கட்டையான பட்டன் உள்ள டயர்களில் இது ஓரளவு வரத்தான் செய்யும், பயப்பட வேண்டாம். நீள்வாக்கில் கோடு கோடாக வரும் பழைய பாணி முன் டயரில் குறுக்கு வெட்டு குறைவென்பதால் பல் பிடிப்பதும் குறைவு. கிண்ணக் குழி அப்படியல்ல. அது வந்தால் மூன்று இடங்களைச் சோதிக்க வேண்டும். முன் வீலைத் தரையிலிருந்து தூக்கி, ஃபோர்க்கின் அடிப்பகுதியை இரு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். 'டக் டக்' என்று ஆடினால் ஹேண்டில் திரும்புவதற்கான பேரிங், அதாவது கோன் செட், தளர்ந்திருக்கிறது. ஹேண்டிலை மெல்லத் திருப்பும்போது நடுவில் ஒரு குழியில் விழுந்து நிற்பதுபோல் இருந்தால் கோன் செட்டையே மாற்ற வேண்டும், இறுக்கி ஓட்டுவது வீண். அடுத்து டயரை மேலும் கீழும் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் வீல் பேரிங் தளர்வு தெரியும். கடைசியாக வண்டியை இறக்கி, முன் பிரேக்கைப் பிடித்தபடி ஹேண்டிலை அழுத்தி விடுங்கள். ஒருமுறை எழுந்து நின்றுவிட வேண்டும். இரண்டு மூன்று முறை ஊஞ்சலாடினால் ஃபோர்க் ஆயில் செத்துவிட்டது அல்லது கசிந்துவிட்டது. இவற்றைச் சரிசெய்யாமல் புது முன் டயர் போட்டால் அதிலும் சீக்கிரமே அதே கிண்ணங்கள் தோன்றும்.

எல்லா வகைத் தேய்மானத்துக்கும் பின்னால் நிற்கிற ஆசாமி காற்று. குளிர்ந்த டயரில், அதாவது மூன்று மணி நேரமாவது நின்ற வண்டியில் பார்க்க வேண்டும். 10 டிகிரி சூடு ஏறினால் சுமார் ஒன்றரை பவுண்டு ஏறும். வெயிலில் ஓட்டிக்கொண்டுபோய் பங்க்கில் 28 பவுண்டு பிடித்தால் மறுநாள் காலையில் 25 இருந்தாலே பெரிது. எவ்வளவு வைப்பது என்பது செயின் கவரிலோ ஸ்விங் ஆர்மிலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். கிலோ கணக்கில் எழுதியிருந்தால் 14.2 ஆல் பெருக்குங்கள்: 2 கிலோ என்றால் 28 பவுண்டு. டபுள்ஸுக்கு வேறு அளவு போட்டிருப்பார்கள், நம்மில் பலர் அந்த வரியைப் படிப்பதே இல்லை. பக்கச்சுவரில் அச்சிட்டிருக்கும் எண் அந்த டயரின் உச்ச வரம்பு. அதைப் பார்த்துக் காற்று வைக்கக் கூடாது.

எப்போது மாற்றுவது? மத்திய மோட்டார் வாகன விதிகள் இருசக்கர வாகனத்துக்குக் கேட்பது குறைந்தது 0.8 மி.மீ. பக்கச்சுவரில் சின்ன முக்கோணம் காட்டும் இடத்தில் பள்ளத்துக்குள் ஒரு மேடு இருக்கும். பட்டன் அந்த மேட்டோடு சமமானால் வரம்பு முடிந்தது. அது சட்டத்தின் கணக்கு. ஐப்பசி மழையில் சாலையில் நிற்கும் தண்ணீரைப் பின் டயர் கிழித்துப் போக 2 மி.மீ. வேண்டும், அதற்குக் கீழே இறங்கினால் மழைக்கு முன் மாற்றிவிடுவதே புத்தி. ஆழம் இருந்தாலும் பள்ளங்களின் அடியில் வெடிப்பு தெரிந்தால் டயருக்கு வயதாகிவிட்டது.

வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது எண்கள், பிராண்டு அடுத்ததுதான். ஹீரோ ஸ்ப்ளெண்டர் பிளஸ்ஸை எடுத்துக்கொள்வோம். முன்னும் பின்னும் ஒரே அளவு, 80/100-18: அகலம் 80 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 100 சதவீதம், ரிம் 18 அங்குலம். ஆனால் முன்னதில் 47பி, பின்னதில் 54பி என்று இருக்கும். 47 என்றால் 175 கிலோ, 54 என்றால் 212 கிலோ தாங்கும். 'பி' 150 கி.மீ. வேகத்துக்கானது. 112 கிலோ வண்டியில் இருவர் ஏறினால் பின் வீலில் மட்டும் ஏறத்தாழ 160 கிலோ விழும். கேரியரில் 25 கிலோ அரிசி மூட்டை வைத்தால் முன் டயருக்குரிய 175 கிலோ வரம்பை அது தாண்டிவிடும். 'சைஸ் ஒன்றுதானே' என்று முன் டயரைப் பின்னால் போடுவதில் இருக்கும் ஆபத்து இதுதான். தாங்கு எண்ணும் வேக எழுத்தும் பழையதைவிடக் கூடலாம், குறையக் கூடாது.

அகல டயர் ஆசைக்கு ஒரு கணக்கு. 100/90-17 டயரின் விட்டம் சுமார் 612 மி.மீ. 110/90-17 போட்டால் 630. கிட்டத்தட்ட 3 சதவீதம் உயரம் கூடி, அந்த அளவுக்கு இழுவை குறையும், சைட் ஸ்டாண்டில் வண்டி கூடுதலாகச் சாயும். 110/80-17 என்றால் 608, பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் விட்டத்தைவிட முக்கியமானது ரிம்மின் அகலம். 100/90 டயருக்கு 2.15 முதல் 2.75 அங்குல ரிம் ஏற்றது. 2.15 ரிம்மில் 120/80 டயரைத் திணித்தால் இரு பக்கமும் நெருக்கப்பட்டு உச்சி கூம்பிவிடும். தரையைத் தொடும் பட்டை குறுகி, அகல டயர் வாங்கியும் நடு மட்டும் சீக்கிரம் தேயும். பார்வைக்குக் கம்பீரம், பிடிப்புக்குப் பழைய டயரே மேல்! ரிம்மின் அகலம் ரிம்மிலேயே குத்தியிருக்கும், '2.15×17' என்பதுபோல். அகலம் கூட்டினால் செயினுக்கும் மட்கார்டுக்கும் உள்ள இடைவெளியையும் டபுள்ஸில் அமுக்கிப் பார்க்க வேண்டும்.

மற்றபடி உங்கள் பன்னிரண்டு எண்கள் சொல்வதைக் கேளுங்கள். நடு மட்டும் தேய்ந்தவர் நடுவில் கடினமும் ஓரத்தில் மென்மையுமாக இரு கலவை ரப்பர் உள்ளதையோ, நடுவில் வெட்டு குறைந்த பட்டை உள்ளதையோ தேடலாம். ஓரங்கள் வரை சீராகத் தேய்பவர், மலைப்பாதைக்காரர், மென்மையான ரப்பரை வாங்கலாம், சீக்கிரம் தேயும் என்று தெரிந்தே. தோற்றத்துக்காகப் பெரிய கட்டை பட்டன் டயரைத் தார் ரோட்டில் ஓட்டுவதை விட்டுவிடுங்கள். அது இரையும், ரம்பப் பல் பிடிக்கும், மழையில் காலை வாரும். உள்ளே நூல் அடுக்குகள் நேர்க்குறுக்காக ஓடும் ரேடியலும், அவை சாய்வாகப் பின்னி ஓடும் சாதாரண நைலான் டயரும் கலக்கலாமா என்பதற்கு ஒரே விடை, வண்டி அப்படி வந்திருந்தால் கலக்கலாம். யமஹா எஃப்.இசட். முன்னால் சாதாரண 100/80-17, பின்னால் ரேடியல் 140/60 ஆர்17 என்றே வருகிறது. உங்கள் வண்டி அப்படி வரவில்லையென்றால் வந்ததையே போடுங்கள்.

பக்கச்சுவரில் நான்கு இலக்கம் தேடுங்கள். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். மதுரை வெள்ளரிப்பட்டியிலேயே பைக் டயர் தயாராகிறது. உள்ளூரில் செய்த டயர்தானே, புதிதாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். அதிகம் விற்காத அளவு என்றால் கடையில் இரண்டு மூன்று ஆண்டு தூங்கியிருக்கலாம். அப்படிப்பட்டதைத் தள்ளுபடியில் தந்தாலும் வேண்டாம்.

மாட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள். அம்புக்குறி ஓடும் திசையில் இருக்கிறதா என்று பாருங்கள். முன்னுக்கும் பின்னுக்கும் பொதுவான டயர்களில் இரண்டு அம்புகள் எதிரெதிராக இருக்கும், படித்துத்தான் மாட்ட வேண்டும். மஞ்சள் புள்ளி இருந்தால் அது வால்வுக்கு நேராக வரட்டும். டியூப்லெஸ் என்றால் வால்வு புதிது, டியூப் டயர் என்றால் டியூப் புதிது, ஸ்போக் வீலென்றால் ரிம் டேப்பும். பழைய டியூப் நீண்டிருக்கும், புது டயருக்குள் மடிந்து அந்த மடிப்பிலேயே கிழியும். பின் வீல் கையில் இருக்கும்போதே ஸ்ப்ராக்கெட்டுக்கும் வீலுக்கும் நடுவே இழுவையின் அதிர்ச்சியைத் தாங்கும் கப்ளிங் ரப்பரையும் வீல் பேரிங்கையும் பார்த்துவிடுங்கள், கூலி ஒன்றுதான். திரும்ப மாட்டியதும் டிரம் பிரேக் வண்டியில் பிரேக் ராடின் நட்டும் ஸ்ப்ளிட் பின்னும் போட்டாயிற்றா என்பதை உங்கள் கண்ணால் பார்த்த பிறகுதான் வண்டியை எடுக்க வேண்டும்.

முதல் 150 கி.மீ. வளைவில் சாய்ப்பதும் திடீர் பிரேக்கும் வேண்டாம், புது ரப்பரின் மேல்தோல் வழுக்கும். ஆயிரம் கி.மீ. ஆனதும் அதே நான்கு சாக்பீஸ் கோடு, அதே பன்னிரண்டு எண்கள். பழைய தாளின் பின்பக்கத்திலேயே எழுதிக்கொள்ளலாம்.